சீல் பிரியாத பெட்டி

மடியில் இருந்த பெட்டி கனத்தது. கனத்தால் கனக்கட்டும், கீழே இறக்கி வைக்கச் சாந்தாமணிக்கு மனம் வரவில்லை. பழைய துண்டில் சுற்றி, ஜவுளிக்கடைப் பையில் போட்டு, கணபதியிலிருந்து காந்திபுரம் வரைக்கும் பஸ்ஸிலும் இப்படியேதான் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து சீட்டு அம்மாள், "என்னங் அது, மிக்ஸியா?" என்று கேட்டதற்கு இவள், "எஸ்.எம்.பி.எஸ்.ங்" என்று சொல்ல, அந்த அம்மாள் ஏதோ தொத்து வியாதியின் பெயரைக் கேட்டவளாட்டம் ஜன்னல் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள். வியாதியும் இல்லை ஒன்றும் இல்லை. சுவரில் இருந்து வருகிற கரண்டை வாங்கி, கம்ப்யூட்டருக்குள்ளே இதற்கு இவ்வளவு, அதற்கு அவ்வளவு என்று பங்கு வைத்துக் கொடுக்கிற பெட்டி. வீட்டில் அந்த வேலையைச் சாந்தாமணி பார்க்கிறாள், ஒருத்தரும் வாரண்டி கொடுக்கவில்லை. சர்வீஸ் சென்டரில் ஏசி காலை இறுக்கியது. சுவரில் டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்க, ஒருத்தர் கண்ணாடி மேஜையைத் தட்டித் தட்டிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார், அவருடைய லேப்டாப்பில் தண்ணீர் போயிருக்கிறதாம், அவர் போகவில்லை என்கிறார், அவர்கள் போயிருக்கிறது என்கிறார்கள். நம்முடையதில் தண்ணீர் போகவில்லை. துண்டுக்குள் கையை விட்டு ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். சீல் இருந்தது. திருகின் தலைமேல் கம்பெனிக்காரன் ஒட்டிய சின்ன ஸ்டிக்கர், அதன் ஒரு மூலைகூட எழும்பவில்லை. இந்தப் பெட்டிக்குள் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. ஆனால் கை வைக்காமலும் உள்ளே ஒன்று போய் விழலாமே, அந்தப் பின்பக்கத்து ஓட்டைகள் வழியாக, ஒரு ஸ்க்ரூ போய் விழலாமே.

அந்த ஒரு ஸ்க்ரூ. அதை நினைக்கக் கூடாது என்று எத்தனை தடவை முடிவு பண்ணியாயிற்று. ஆடி மாதத்தில் அந்தக் கம்ப்யூட்டரை அவள் தன் கையால் மாட்டினாள். கடையில் போய் இதைக் கொடுங்கள் என்று வாங்கி வந்து சுவிட்சைப் போட்டதல்ல. ஒவ்வொரு பொருளாகப் பார்த்து, இது அதற்குச் சேருமா சேராதா என்று வீடியோ பார்த்து, பார்த்ததையே திரும்பப் பார்த்து, கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து மாட்டியது. கல்யாணப் பத்திரிகை வடிவமைத்து அச்சகங்களுக்குக் கொடுக்கிறவள் அவள். மணமக்கள் பேரும் மாமன்மார் பேரும் ஒரு எழுத்துப் பிசகாமல் உட்கார வைக்கத் தெரிந்த கைக்கு ஒரு பிராசஸரை உட்கார வைக்கத் தெரியாதா? பயம் இருக்கத்தான் செய்தது. பிராசஸரைப் பிடித்துக்கொள்கிற அந்தக் கம்பியை அழுத்தும்போது நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்ததே, அப்போது பாதி உயிர் போய்விட்டது. சத்தம் வரத்தான் செய்யும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள், சொன்னவர்களுக்கு என்ன, உடைந்தால் அவர்களா அழப்போகிறார்கள். சூட்டை இழுக்கிற வெள்ளைப் பசையை அதன்மேல் ஒரு பட்டாணி அளவு வைத்தாள். ஒயரெல்லாம் ஜடை பின்னுவதுபோலச் சேர்த்துக் கட்டினாள். கடைசியாகப் பட்டனை அழுத்தியதும் உள்ளே விசிறி சுற்றிக் காற்று முகத்தில் பட்டது பாருங்கள், அப்படி ஒரு காற்றை அவள் வாழ்நாளில் எந்த மலையிலும் அனுபவித்ததில்லை. கூடத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தால் கத்தியிருப்பாள். அப்புறம் பாயை உதறும்போதுதான் ஒரு ஸ்க்ரூ குறைந்தது தெரிந்தது. பாயில் இல்லை, சோபாவுக்கு அடியில் இல்லை, பெருக்கிய குப்பையில் இல்லை. ஓடுகிறதே, ஓடட்டும் என்று விட்டுவிட்டாள். ஐப்பசியும் கார்த்திகையும் ஓடியது, மார்கழி முழுக்க ஓடியது. தை பிறந்து, பத்திரிகை வேலை தலைக்கு மேல் நிற்கிற நேரத்தில் டப்பென்று ஒரு சத்தம், கருகல் நாற்றம், திரை இருண்டுபோயிற்று. கொழுந்தனார் அன்றைக்குச் சாயங்காலம் வந்தவர், "கடைலயே ஒண்ணு வாங்கியிருக்கலாமில்லீங் அண்ணி, இதெல்லாம் கை பழகுனவங்க செய்யற வேலை" என்றார். அவருக்கு ஆபீஸில் கம்ப்யூட்டர் கெட்டால் போன் பண்ணத் தெரியும், அதுவரைக்கும்தான் அவருடைய படிப்பு. அவர் சொன்னதை அவள் அன்றைக்கே உதறிவிட்டாள். உதற முடியாதது இன்னொருத்தர் சொல்லாதது.

நாச்சிமுத்து ஒன்றுமே சொல்லவில்லை. அவள் வீட்டுக்காரர் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றுகிறவர். கணபதியில் அவர் பட்டறை எதுவென்று கேட்டால் குழாய் மோட்டார் வைத்திருக்கிற எந்த வீட்டுக்காரரும் கை காட்டுவார். கருகிய மோட்டாரை அவர் முன்னால் வைத்தால் மூடியைக் கழற்றுவார், குனிந்து மோந்து பார்ப்பார். கரண்ட் கூடிப் போய்க் கருகியது என்றால் உடனே சொல்லிவிடுவார். தண்ணீர் இறங்கியது என்றாலும் சொல்வார். முன்பு சுற்றியவன் சரியாகச் சுற்றவில்லை என்றால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார், மோந்து பார்த்துவிட்டு அப்படியே ஓரமாகத் தள்ளி வைத்துவிடுவார். இன்னொரு தொழிலாளியின் கையைக் குறை சொல்லக் கூடாது என்று அவருக்கு ஒரு கட்டுப்பாடு. வாடிக்கைக்காரர்களுக்கு அந்த மௌனம் பழக்கம், "செரி, போன கடைக்காரன் கெடுத்துட்டானாட்ட" என்று அவர்களே புரிந்துகொள்வார்கள். கம்ப்யூட்டர் செத்த அன்றைக்கும் பட்டறையிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக வந்து, குனிந்து, மூக்கைக் கொண்டு போய்ப் பின்பக்கம் வைத்து மோந்து பார்த்தார். நிமிர்ந்தார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கை கழுவப் போய்விட்டார். சாப்பிட்டார், படுத்தார், மறுநாளும் பேசவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. அந்தச் சத்தமில்லாத தீர்ப்பு அவளுக்குள் இன்னும் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. புதுப் பெட்டி ஒன்று தேவைதான், இரவல் கம்ப்யூட்டரில் எத்தனை நாளைக்கு வேலை பார்ப்பது. அதற்கும் மேலே ஒன்று தேவை. பெட்டி தானாகச் செத்ததா, அவள் மாட்டியதில் செத்ததா? அதை யாராவது பிரித்துப் பார்த்து, தெரிந்தவர் வாயால், அவள் காது கேட்கச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய் அந்த மனிதரின் மௌனத்துக்கு எதிரே அதை வைக்க வேண்டும். ஸ்க்ரூ என்று சொல்லிவிட்டால்? சொல்லிவிட்டால் அதையும் வைக்க வேண்டியதுதான், வேறு என்ன செய்வது.

அவள் முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேர் ஷாகுல் என்று சட்டையில் குத்தியிருந்த அட்டை சொன்னது. முப்பது வயது இருக்கும், சண்டைக்காரர் இப்போதுதான் போயிருந்ததால் முகம் களைத்திருந்தது. துண்டைப் பிரித்ததும் சிரித்துவிட்டார். "கொழந்தையாட்டக் கொண்டாந்திருக்கீங்க்கா." ஒயரை ஒரு கருவியில் செருகினார், விளக்கு எரியவில்லை. "செத்துப்போச்சுங்க்கா. யாரு மாட்டிக் குடுத்தாங்க?" என்று கேட்டார். சாந்தாமணி இந்தக் கேள்விக்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். "நான்தானுங் தம்பி. முழுசா நானே மாட்டுனது." ஷாகுல் அவளை ஏற இறங்கப் பார்க்கவில்லை, அதற்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று. "பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் சேத்துப் பாத்தீங்களா?" பெட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கிற வழி அது. "பாத்தனுங். விசிறி அசையவே இல்லீங்." "அப்ப நீங்களே பாதி வேலைய முடிச்சுட்டீங்க" என்று சொல்லிவிட்டு, சீலை விரலால் நீவிப் பார்த்தார். சீல் பிரியவில்லை, வாரண்டி இருக்கிறது, டெட் என்று போட்டுக் கம்பெனிக்கு அனுப்பினால் புதுசு வந்துவிடும், அவ்வளவுதான், போய்வரலாம். இத்தனை சுலபமா? அவள் எழுந்துகூட விட்டாள். எழுந்தவள் நின்றாள். புதுப் பெட்டியோடு வீட்டுக்குப் போனால் நாச்சிமுத்து பார்ப்பார், தலையாட்டுவார், கை கழுவப் போய்விடுவார். எதனால் செத்தது என்று அவரும் கேட்கமாட்டார், இவளும் சொல்ல முடியாது. காலம் பூராவும் அந்த ஸ்க்ரூ உள்ளே கிடந்து உருளும், பெட்டிக்குள் இல்லாவிட்டாலும் இவளுக்குள். "தம்பி, இதப் பிரிச்சுப் பாக்கோணும்" என்றாள். "எதுக்குங்க்கா? கம்பெனில பாத்துக்குவாங்க." "கம்பெனில பாத்தா எனக்கு யாரு சொல்லுவா? எம்முன்னாடியே பிரிங்க. எதனாலன்னு சொல்லுங்க, எங்கையில குத்தம்னா அதையும் சொல்லுங்க." ஷாகுல் குரலைத் தணித்தார். "பிரிச்சு, உள்ள வேற ஏதாச்சும் இருந்துச்சுன்னா வாரண்டி போயிருங்க்கா. எனக்கென்ன, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." நல்லவர்தான் பாவம். நல்லதுக்குச் சொல்கிறவர்களை மீறித்தானே அவள் அந்தக் கம்ப்யூட்டரையே மாட்டினாள். "பரவால்லீங், பிரிங்க."

ஸ்டிக்கர் கிழிகிற சத்தம் அவளுக்கு மட்டும் பெரிதாகக் கேட்டது. திருகுகள் ஒவ்வொன்றாக வந்தன, மூடி எழும்பியது, கருகல் நாற்றம் அன்றைக்கு வந்த அதே நாற்றமாக மறுபடியும் வந்தது. உள்ளே ஊர் மாதிரி இருந்தது, டவர்களும் தொட்டிகளும் நடுவில் செப்புக்கம்பி சுற்றிய ஒரு சுருளும். ஷாகுல் சின்ன டார்ச்சை அடித்து, பெட்டியைச் சாய்த்துக் குலுக்கினார், அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள், ஒன்றும் உருளவில்லை. ஒன்றும் உருளவில்லை! ஸ்க்ரூ இல்லை, அது எந்தச் சந்தில் கிடக்கிறதோ, கிடக்கட்டும், மகராசி, ஆயிரம் வருஷம் அங்கேயே கிடக்கட்டும். "மாட்டுனதுல ஒரு குத்தமும் இல்லீங்க்கா. தப்பா மாட்டியிருந்தா இந்தப் பக்கம் கருகியிருக்கும், அது சுத்தமா இருக்குது பாருங்க" என்று ஷாகுல் சொன்னார். தெரிந்தவர் வாயால், அவள் காது கேட்க. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஏசிக் காற்று என்று வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவர், "இருங்க, உள்ள என்னமோ இருக்குது" என்று டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். செப்புச் சுருளின்மேல் மஞ்சளாக ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. அதன் நடுவில் சிவப்பு. அங்கிருந்து ஒரு கோடு கீழே வழிந்து இறங்கி, இறங்கிய இடத்தில் பச்சைப் பச்சையாகப் பூத்துப்போய், அங்கேதான் கருகியிருந்தது. ஷாகுல் நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். அவர் முகம் போன போக்கு. "அக்கா, இது சந்தனமுங்க. சந்தனமும் குங்குமமும். சீல் பிரியவே இல்லீங்களே, எப்புடி உள்ள போச்சு? சைனாவுல ஆயுத பூஜை கொண்டாடறாங்களாட்ட இருக்குது" என்று சிரித்தவர், அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சாந்தாமணி அந்தச் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயுத பூஜை அன்றைக்குப் பொட்டு வைத்தவள் அவள்தான், ஆனால் வெளியே, பெட்டியின் நெற்றியில், தண்ணீர் சொட்டாமல் பார்த்துப் பார்த்து வைத்தாள். உள்ளே மட்டும் யாரும் தொட்டுவிடக் கூடாது என்று அதிகாரமாகச் சொல்லியும் வைத்திருந்தாள், யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டில் வேறு யார் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறார்கள். பட்டறையில் அவர் பூஜை போடுகிற விதமே தனி. மற்ற பட்டறைக்காரர்கள் மெசினுக்கு வெளியே பட்டை பட்டையாகப் பூசி மாலை போட்டு முடித்துவிடுவார்கள். நாச்சிமுத்து வெளியே ஒப்புக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு, மூடியைத் திறந்து, ஊதுபத்திக் குச்சியின் வெறும் முனையில் சந்தனம் தொட்டு, உள்ளே சுற்றியிருக்கிற காயிலின் மேல் ஒரு பொட்டு வைப்பார், அதன்மேல் குங்குமம். "வெளிய பூசறது வர்றவங்க போறவங்க பாக்கறதுக்கு, உள்ள வெக்கறதுதான் மெசினுக்கு" என்பார். அதையும் எல்லாவற்றுக்கும் வைக்க மாட்டார். கடையில் வாங்கிய புது மோட்டாருக்கு உள்ளே பொட்டு கிடையாது. அவர் சுற்றியதற்கு வைப்பார், அல்லது வேறு யாரோ சுற்றியதைத் திறந்து பார்த்து, தொழில் தெரிந்த கைக்காரன்தான் என்று அவர் ஒப்புக்கொண்டால் அதற்கு வைப்பார். போத்தனூரில் ஒரு பெரியவர் சுற்றிய மோட்டாருக்கு ஒரு வருஷம் வைத்தார், அதை அவள் பார்த்திருக்கிறாள். அப்புறம் யாருக்கு வைத்தார்? நினைத்து நினைத்துப் பார்த்தாள், ஒருத்தர் பேரும் அகப்படவில்லை. ஆயுத பூஜை அன்றைக்கு அவள் குளிக்கப் போயிருந்த நேரமாக இருக்கும், அல்லது பொரிகடலையைக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரம். நாச்சிமுத்து கம்ப்யூட்டரைத் திருப்பிப் பின்பக்கத்து ஓட்டைகள் வழியாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்திருக்கிறார். உள்ளே செப்புச் சுருள் தெரிந்திருக்கிறது. குச்சியை அந்தச் சின்ன ஓட்டைக்குள் விட்டு, கை நடுங்காமல், சுருளின் நெற்றி தேடி வைத்திருக்கிறார். மோட்டார் காயிலுக்கு வார்னிஷ் உண்டு, ஈரச் சந்தனம் ஒன்றும் பண்ணாது, இந்தச் சுருளுக்குக் கீழே அம்மணமாகக் கிடக்கிற கம்பி முனைகளைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். கெடுத்தார் மனுஷன், நன்றாகக் கெடுத்தார். ஆனால் நெஞ்சு நிமிர்ந்து நிற்கிறதே, அதை என்ன செய்வது? எத்தனையோ வருஷமாக அவர் பக்கத்தில் நின்று அவர் யாருக்குப் பொட்டு வைக்கிறார், யாருக்கு வைக்கவில்லை என்று பார்த்து வந்தவளுக்கு அதன் மதிப்பு தெரியாதா? அந்த ஆளின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று ஆடியிலிருந்து காத்துக் கிடந்தாள். வார்த்தை வந்து உட்கார்ந்துதான் இருந்திருக்கிறது, அவள் மூக்குக்கு முன்னாலேயே, தகரத்துக்கு அந்தப் பக்கம்.

"அக்கா" என்று ஷாகுல் மெதுவாகக் கூப்பிட்டார். பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்து வைத்திருந்தார். "தொடச்சுட்டா ஒண்ணுமே தெரியாதுங்க. செக் பண்ணப் பிரிச்சேன்னு நான் எழுதிக்கறேன். புதுசு வந்துரும்." பஞ்சு ஈரமாகிச் சுருளை நோக்கி இறங்கியது. "தொடைக்காதீங்க" என்றாள் சாந்தாமணி. அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது, டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். கை அவளுடைய போனைத் தேடியது. நாச்சிமுத்து எடுத்தார், பின்னால் ஏதோ மோட்டார் ஓடுகிற சத்தம். "ஏனுங், ஆயுத பூஜைக்கு நம்ம கம்ப்யூட்டருக்கு உள்ளார பொட்டு வெச்சீங்களா?" மோட்டார் சத்தம் நின்றது, அணைத்திருக்கிறார். "தெரிஞ்சு போச்சா" என்றார். "அன்னிக்கு மோந்து பாத்தப்பவே சந்தன வாசம் வந்துதும்மா. நான்தான் கெடுத்துட்டேன்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ வேற மொகத்தத் தூக்கி வெச்சுட்டுத் திரிஞ்சே." அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்கலாம் போலவும் வந்தது. இத்தனை நாளும் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் ஆளுக்கு ஒரு குற்றத்தைச் சுமந்துகொண்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார்கள். "கேட்டுட்டு வெச்சிருக்கலாமில்லீங்?" "கேட்டா நீ வெக்க உட மாட்டே." உண்மைதான், விட்டிருக்க மாட்டாள். "அப்பறம் எதுக்குங் வெச்சீங்?" என்று கேட்டாள், தெரிந்துகொண்டேதான் கேட்டாள், அவர் வாயால் வரட்டும் என்று. "வெக்காம எப்படி உடறது? அந்த ஒயரெல்லாம் நீ கட்டியிருந்த நேர்த்தியப் பாத்தேன். நாங்கூட அப்படிக் கட்டமாட்டேன்" என்றார்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினாள். ஷாகுல் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருந்தார். "அப்படியே மூடிக் குடுங்க தம்பி, வீட்டுக்குக் கொண்டுபோறேன். புதுசு ஒண்ணு கடைல வாங்கிக்கறேன்" என்றாள். "வாரண்டி இல்லேன்னு கம்ப்யூட்டர்ல ஏத்தோணுமேங்க்கா. காரணம் கேக்குமே, என்னன்னு போடட்டும்?" என்று அவர் கேட்டார். சாந்தாமணி துண்டை மேஜைமேல் விரித்தாள். "பொட்டு வெச்சிருந்துதுன்னு போடுங்க" என்றாள். அவர் தட்டத் தொடங்கியதும், "எங்கூட்டுக்காரர் வெச்சதுன்னும் சேத்துப் போடுங்க" என்றாள்.